கிருஷ்ணப்பன் காதில் விழுந்தது

7

கடத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் இரண்டு மைல் நடந்து வந்தவர்களுக்குச் சூசைக்கொட்டாய் கிராமம் கொடுத்த முதல் மரியாதை ஒரு கல். அது மாதுவின் தோளை உரசிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் பட்டு விழுந்தது.

"குறி பரவால்ல," என்றான் மாது, எறிந்தது யார் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல். "இன்னும் ரெண்டு நாள் பழகினா மண்டையிலயே போடுவாங்க."

"வாயை மூடிக்கிட்டு வா," என்றார் துப்பறியும் குப்புராஜ்.

மாதுவால் முடியாத காரியம் உலகத்தில் அது ஒன்றுதான். லாரி கிளீனராக ஆறு வருஷம், தருமபுரி–பென்னாகரம் பஸ்ஸில் கண்டக்டராக ஒன்பது வருஷம் என்று வாயை வைத்தே பிழைத்தவன். வயது நாற்பத்திரண்டு. சேலத்தில் குப்புராஜிடம் உதவியாளாகச் சேர்ந்த புதிதில், மாது வருகிறாள் என்று நினைத்துக்கொண்டு முகத்துக்குப் பவுடர் பூசி வந்து கதவைத் திறந்த ஆட்கள்கூட உண்டு. தருமபுரிப் பக்கம் வீட்டுக்கு ஒரு மாது இருப்பான், அதுவும் மீசையோடு இருப்பான் என்பது சேலத்துக்காரர்களுக்கு எங்கே தெரியப்போகிறது!

குப்புராஜ் நேர் எதிர். சொல்லை எண்ணித்தான் செலவழிப்பார். இருபது வருஷம் அச்சாபீஸில் பிழை திருத்திவிட்டுத் துப்பறிய வந்தவர். இன்றைக்கும் சட்டைப் பையில் சிவப்புப் பென்சில் இல்லாமல் படி இறங்க மாட்டார். ஒரு கொம்பு, ஒரு சுழி மாறியிருந்தால் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அந்த வித்தையை வைத்துக்கொண்டு குற்றவாளியைப் பிடிக்க முடியுமா என்பதில் மாதுவுக்கு இன்னமும் சந்தேகம்தான்.

மணி இரண்டரை. நாலு மணிக்குப் போலீஸ் ஜீப் வருகிறது. பிரதர் அல்போன்ஸை அதில் ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவன் பிழைத்தால் அடிதடிக் கேஸ், செத்தால் கொலைக் கேஸ். கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம்.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு வருஷமாக மழை இல்லை, கிணறுகள் எல்லாம் காய்ந்து கிடக்கின்றன என்று சேலத்து நிவாரண சங்கம் ஒன்று சூசைக்கொட்டாய்க்கு ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டி அனுப்பியது. இரண்டு லாரி. ஒன்றில் துளை போடும் கருவி, இன்னொன்றில் அதற்குக் காற்று தள்ளும் கம்ப்ரசர். கம்ப்ரசரை ஓட்டுவது சீமையிலிருந்து வந்த டர்போ வைத்த டீசல் இஞ்சின். மேற்பார்வைக்கு வந்தவர் பிரதர் அல்போன்ஸ். பாதிரியார் பட்டம் வாங்காத துறவி, இதே ஊரில் பிறந்தவர். மெக்கானிக் சவுரியப்பன், அவனும் இதே ஊர்தான், கோலார் தங்கச் சுரங்கத்தில் பதினைந்து வருஷம் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டியவன்.

துளை நூற்று நாற்பது அடி இறங்கியபோது இஞ்சினின் பின்பக்க ஆயில் சீல், அதாவது ஆயில் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் வளையம், ஒழுக ஆரம்பித்தது. சவுரியப்பன் சனிக்கிழமை புது சீல் போட்டான். திங்கட்கிழமை மறுபடி ஒழுகல். செவ்வாய்க்கிழமை இன்னொரு சீல் போட்டான். புதன்கிழமை காலையில் அதுவும் ஒழுகியது. பிரதர் அல்போன்ஸ் ஊரே பார்க்க அவனை வாய்க்கு வந்தபடி பேசினார். அன்று மத்தியானம் இஞ்சின் தீப்பிடித்தது. நெற்றி பிளந்து, கையும் முகமும் வெந்து, சவுரியப்பன் கீழே கிடந்தான். பக்கத்தில் பிரதர், கையில் பெரிய ஸ்பேனரோடு நின்றார். நினைவு போகும்முன் சவுரியப்பன் சொன்ன கடைசி வார்த்தையைப் போர் வண்டி ஆள் கிருஷ்ணப்பன் கேட்டிருந்தான்.

"பிரதர் அடிச்சிட்டாரு."

அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? இன்று சனிக்கிழமை. சவுரியப்பனுக்கு நினைவு திரும்பியதாக இன்னும் தகவல் இல்லை. நாளைக்கு ஈஸ்டர். ஊரில் ஒரு வீட்டிலும் அதற்கான சுவடே இல்லை.

பிரதரை ஊர்க்காரர்கள் சாமான் வைக்கும் தகரக் கொட்டகையில் போட்டுப் பூட்டியிருந்தார்கள். வாசலில் இருபது முப்பது பேர். எல்லார் முகத்திலும் ஒரே எழுத்துதான், "வந்த வழியே போ". நடுவில் தலைவிரி கோலமாக ஒரு பெண் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். சவுரியப்பனின் மனைவி புஷ்பமேரி.

"நீங்கதான் அந்தக் கொலகாரனுக்கு வக்காலத்து வாங்க வந்தவங்களா?" என்றாள். தொண்டை கத்திக் கத்திக் கிழிந்திருந்தது. "மூணு நாளா எம்புருசன் கண்ணு தொறக்கல. இவன ஜீப்புல ஏத்தறத என் கண்ணால பாத்துட்டுத்தான் ஆசுபத்திரிக்குத் திரும்புவேன். பெரிய வெள்ள அங்கி போட்டுக்கினு வந்துட்டான், நாசமாப் போறவன்!"

ஒரு பிடி மண்ணை அள்ளிக் கொட்டகைத் தகரத்தில் வீசினாள். அது படபடவென்று விழுந்தது.

கொட்டகைச் சாவி ஸ்தனிஸ்லாஸின் இடுப்பில் தொங்கியது. கிணறு தோண்டிப் பாறைக்கு வெடி வைக்கிற காண்டிராக்டர். போர் வண்டி வந்த நாளிலிருந்து அவரைக் கூப்பிட ஆள் கிடையாது. ஊருக்கு நல்லது செய்கிற முகத்தை மட்டும் மனுஷன் கழற்றவே இல்லை.

"கதவெல்லாம் தெறக்க முடியாதுங்க. ஜன்னல் வழியா வேணும்னா பேசிக்குங்க. அதுவும் அஞ்சு நிமிசம்."

"ரொம்பத் தாராளம்," என்றான் மாது. "சாவி கனமா இருந்தா சொல்லுங்க, செத்த நேரம் நான் வெச்சிக்கறேன்."

ஸ்தனிஸ்லாஸ் முறைத்த முறைப்பில் மாதுவே அரையடி பின்னால் போனான்.

ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பிரதர் அல்போன்ஸ் வந்து நின்றார். நாற்பது வயது, மூன்று நாள் தாடி, அங்கியெல்லாம் கரி. உதவிக்கு வந்திருக்கிறார்களே என்று முகத்தில் ஒரு வெளிச்சம்? அதெல்லாம் கிடையாது.

"சங்கம் அனுப்பிச்சுதா? எனக்கு யாரும் வேணாம். நான் அடிக்கல. நம்பினா நம்புங்க, இல்லாட்டி போங்க."

"சரி, போறோம் சார்," என்று திரும்பிய மாதுவின் சட்டையைக் குப்புராஜ் பிடித்து இழுத்தார்.

"ஸ்பேனர் எதுக்கு வைச்சிருந்தீங்க?"

"டீசல் குழாய மூடறதுக்கு. டீசல் நின்னாத்தான இஞ்சின் நிக்கும். வெந்துக்கினு கெடக்கிறவன் பக்கத்துல கையக் கட்டிக்கினு நிக்கச் சொல்றீங்களா?"

"புதன்கிழமை காலையில் அவனை என்ன சொன்னீங்க?"

பிரதர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வேல தெரியாத பயன்னேன். கோலார்ல பதினஞ்சு வருசம் என்னாத்த புடுங்கினேன்னு கேட்டேன். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் இருக்கையில சொன்னேன்."

"அவன் உங்களை எப்படிக் கூப்பிடுவான்?"

"இது ஒரு கேள்வியா? அல்போன்சுனு கூப்புடுவான். அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சுங்க. ஊரே பிரதர் பிரதர்னு சொல்லும். அவன் மட்டும், 'எம் பென்சிலத் திருடினவன நான் பிரதர்னு கூப்புடணுமா'ம்பான். செத்தாலும் அந்த வார்த்த அவன் வாயில வராது."

குப்புராஜ் தலையை மட்டும் ஆட்டினார். அவர் கை தானாகச் சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பென்சிலைத் தடவியது. மாதுவுக்கு அந்தச் சேஷ்டை தெரியும். எங்கேயோ ஒரு பிழை தட்டுப்பட்டிருக்கிறது.

கொட்டகைச் சுவரில் வெளிப்பக்கமாக ஒரு கம்பியில் இரண்டு ரப்பர் வளையங்கள் தொங்கின. கழற்றிப் போட்ட ஆயில் சீல்கள். மாது இரண்டையும் எடுத்து விரலால் வழித்துப் பார்த்தான்.

"இது பழசு சார். உதடு காஞ்சு பொளந்து கெடக்குது, ஒழுகினதுல தப்பே இல்ல. இது சனிக்கெழம போட்டது. தொட்டுப் பாருங்க, மொத மொத மாமியார் வூட்டுக்குப் போற மாப்ள மாதிரி எவ்ளோ மிருதுவா இருக்குது."

"திருப்பிப் போட்டிருந்தால்?"

"திருப்பிப் போட்டா ஒழுகும்தான். உதடு உள்ளாற ஆயிலப் பாத்து இருக்கணும். ஆனா இங்க பாருங்க, கட்ட வெச்சுத் தட்டின தடம் வெளிப்பக்கத்துலதான் இருக்குது. சுத்திவர ஒரே சமமா. அதுவும் பழைய சீல், சுத்தற ஷாப்ட்டத் தேச்ச எடத்துல உக்காராம ஒரு நூல் உள்ள தள்ளி உக்கார வெச்சிருக்கான் மனுசன். எங்க பஸ் மெக்கானிக்குக்கு இந்தப் பக்குவம் இருந்திருந்தா எனக்கு ஒம்போது வருசமும் சட்டையில ஆயில் படாம இருந்திருக்கும்."

"அப்போ சீல் சரி. போட்டவனும் சரி."

"சத்தியமா."

"சனிக்கிழமை சாயந்திரம் ஒழுகலை. திங்கட்கிழமை காலையில் ஒழுகியது. நடுவில் என்ன?"

"ஞாயித்துக்கெழமை சார்."

"அது எனக்கும் தெரியும்," என்றார் குப்புராஜ் எரிச்சலோடு.

கம்ப்ரசர் லாரி நூறு அடி தள்ளி வெயிலில் நின்றது. இஞ்சினின் ஒரு பக்கம் முழுக்கக் கரி. நத்தைக் கூடு மாதிரி சுருண்டிருந்த டர்போ பெயின்ட் உரிந்து வெளுத்துப்போயிருந்தது. லாரிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு கிருஷ்ணப்பன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும், இவர்களைப் பார்த்ததும் எழுந்து ஓடப் பார்த்தான். மாது குறுக்கே நின்றுகொண்டான். பின்னாலேயே ஸ்தனிஸ்லாஸும் கூட்டமும் வந்தாயிற்று. புஷ்பமேரியும் வந்தாள்.

மாது இஞ்சினைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு இடத்தில் குனிந்தான். ஆயில் அளவு பார்க்கிற கம்பி அதன் துளையில் இல்லை. துளையின் கழுத்தில் கருகிய சணல் கயிறு ஒன்று சுற்றிக் கிடந்தது.

"இது என்னாப்பா? ஆயில் கேஜ் கம்பிக்குத் தாலி கட்டினது யாரு?"

கிருஷ்ணப்பன் இரண்டு கையையும் கூப்பினான். "நா... நான்தாங்க."

"எதுக்கு?"

"திங்கக்கெழமலருந்து அது துள்ளிக்கினே இருந்துச்சுங்க. அமுக்கி அமுக்கி வெச்சாலும் இஞ்சின் ஓடுறப்ப மேல மேல வந்துச்சு. சவுரிண்ணன்கிட்ட சொன்னா, நீதான் சரியா வெக்கலனு திட்டுவாரு. அதான் கட்டிப்புட்டேன். போலீசுல இத நான் சொல்லலிங்க. சாமி, என்ன ஒண்ணும் பண்ணிப்புடாதீங்க!"

"புதன்கிழமை மத்தியானம் என்ன நடந்தது? ஒன்று விடாமல் சொல்லு," என்றார் குப்புராஜ்.

"சவுரிண்ணன் வந்து இந்தக் கயித்தப் பாத்தாருங்க. எத்தினி நாளா கட்டிக் கெடக்குதுன்னாரு. திங்கக்கெழமலருந்துன்னேன். படார்னு நெத்தியில அடிச்சிக்கினாரு. இஞ்சின நிறுத்துடா நிறுத்துடான்னு கத்திக்கினே இதுமேல குனிஞ்சாரு. அப்ப கயிறு அறுந்து ஆயிலு பீச்சி அடிச்சிதுங்க, செவக்கக் காஞ்சு கெடந்த இதோ இந்த டர்போ மேல. பக்குனு தீ! நான் ஓடிப்புட்டேன். திரும்பிப் பாத்தா அவரு கீழ கெடக்கறாரு."

லாரியின் இரும்புச் சட்டத்தில், ஆள் நெற்றி உயரத்தில், காய்ந்த ரத்தம் ஒட்டிக்கொண்டிருந்ததை மாது விரலால் காட்டினான். தீ முகத்துக்கு நேரே வந்தால் யார்தான் விலுக்கென்று எழ மாட்டார்கள்? கூட்டத்தில் சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

"சரி. நெற்றியில் அடித்துக்கொண்டு அவன் கத்திய வார்த்தை என்ன? ஊர் சொல்கிறது வேண்டாம். உன் காதில் விழுந்ததைச் சொல்லு. ஒரு எழுத்து மாற்றாதே."

கிருஷ்ணப்பன் ஸ்தனிஸ்லாஸைப் பார்த்தான்.

"அங்கே என்ன பார்வை? இங்கே பார்!"

"பிரதர் அடச்சிருக்குது. நிறுத்துடா." கிருஷ்ணப்பன் ஸ்தனிஸ்லாஸ் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டான். "அப்பிடித்தாங்க சொன்னாரு."

"அடிச்சிட்டாருன்னு போலீசில் எழுதியிருக்கே?"

ஸ்தனிஸ்லாஸ் குறுக்கே விழுந்தார். "அதுங்க, இவன் வூட்ல கன்னடம் பேசறவன். ஆளுக்கு என்னா, மாட்டுக்கு என்னா, எல்லாத்துக்கும் அது இதுன்னுதான் சொல்லுவான். அடச்சிருக்குதாம்! போலீசுக்கு வெளங்கணுமில்ல? நான்தான் அத நல்ல தமிழ்ல, பிரதர் அடிச்சிட்டாருனு திருத்திச் சொல்லச் சொன்னேன்."

"எங்க பாசையிலயும் ஆளுக்கு ஒண்ணு, சாமானுக்கு ஒண்ணு இருக்குதுங்க," என்றான் கிருஷ்ணப்பன். அத்தனை நேரப் பயத்தையும் மீறி அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்குத் தமிழு வராதுன்னு ஊரே சிரிச்சிச்சு. நான் கேட்டதத்தாங்க நான் சொன்னேன்!"

குப்புராஜ் சிவப்புப் பென்சிலை வெளியே எடுத்தார்.

"மிஸ்டர் ஸ்தனிஸ்லாஸ், இருபது வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பிழை செய்கிறவனைவிட, சரியாக இருப்பதைத் திருத்துகிறவன்தான் ஆபத்தானவன்." அவர் மாதுவின் பக்கம் திரும்பினார். "அடச்சிருக்குது. ஆளைச் சொன்ன வார்த்தை இல்லை இது, ஒரு சாமானைச் சொன்ன வார்த்தை. அல்போன்ஸை அவன் பிரதர் என்று கூப்பிடுவதும் கிடையாது. இஞ்சினில் என்னென்ன அடைத்துக்கொள்ளும்?"

"என்னா சார் திடீர்னு?"

"சொல்லுய்யா!"

"டீசல் பில்டர் அடைக்கும். ஏர் கிளீனர் அடைக்கும். ரேடியேட்டர் அடைக்கும். அப்புறம் பிரீ..."

மாதுவின் வாய் அப்படியே நின்றது. குப்புராஜுக்குத் தெரிந்து அது தானாக நின்றது அன்றைக்குத்தான்.

"ம், முழுசாகச் சொல்லு."

"பிரீதர், சார்! அட என் புத்தியச் செருப்பால அடிக்க! பிரீதர் அடச்சிருக்குதுனு கத்தியிருக்கான் மனுசன்!"

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. மாது கண்டக்டர் குரலில் எல்லாருக்கும் கேட்கும்படி எடுத்துவிட்டான்.

"நல்லாக் கேட்டுக்குங்க. இஞ்சின் ஓடுறப்ப உள்ளாற கொஞ்சம் காத்து கசிஞ்சு, ஆயில் இருக்கிற எடத்துக்கு எறங்கும். டர்போ வெச்ச இஞ்சின்னா இன்னும் ஜாஸ்தி, அது காத்த அமுக்கி அமுக்கித் தள்ளுது. அந்தக் காத்து வெளிய போறதுக்குன்னே ஒரு குழா வெச்சிருப்பான். அதுக்குப் பேருதான் பிரீதர். அத அடச்சிட்டா காத்து எங்க போவும்? புது சீல் உதட்டத் தள்ளிக்கினு ஆயிலோட வரும். கேஜ் கம்பியத் தூக்கி எறியும். நீங்க இதுல நூறு சீல் மாத்தினாலும் நூறும் ஒழுகும். சவுரியப்பன் மேல ஒரு தப்பும் இல்ல, பிரதர் மேலயும் இல்ல!"

சொல்லி முடிப்பதற்குள் லாரிக்கு அடியில் படுத்துவிட்டான். தீப்படாத பக்கமாக, இஞ்சின் விலாவிலிருந்து இரண்டு விரல் தடிமனில் ஒரு குழாய் கீழே இறங்கியிருந்தது. அதன் வாயில் விரலை விட்டான். போகவில்லை.

"அடச்சிருக்குது!" என்று கீழேயிருந்து கத்தினான். "நல்லா நறுக்குனு யாரோ வேல பாத்திருக்காங்க!"

ஒரு கம்பியை வளைத்துக் குடைந்து இழுத்தான். ஆயிலில் ஊறிய ஒரு துணி உருண்டை வெளியே வந்தது. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்த மாதுவின் கண் நேராக ஸ்தனிஸ்லாஸ் மேல் போயிற்று.

"ஏங்க, போர் வண்டி நின்னா யாருக்கு மறுபடி கெணறு வெட்டற வேல வரும்? வெடி மருந்துல திரி சொருகிச் சொருகிப் பழகின கை யாரோடது? சாவிய இடுப்புல கட்டிக்கினு ஞாயம் பேசறது யாரு?"

கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு பேர் ஸ்தனிஸ்லாஸின் கையைப் பிடித்தே விட்டார்கள். மனுஷனுக்கு முகத்தில் ரத்தம் இல்லை.

"ஐயையோ, சத்தியமா நான் இல்ல! மாதா மேல ஆண, நான் இந்த வண்டி பக்கமே வந்ததில்ல!"

"மாது, துணியைப் பிரி," என்றார் குப்புராஜ்.

நீலக் கட்டம் போட்ட லுங்கித் துணி. மடிப்புக்கு மடிப்பு மெழுகுவர்த்தி மெழுகு ஊற்றி, காற்று புகாமல் இறுக்கிச் சுருட்டியிருந்தது. மாது அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிரித்தான். நடுவில் இருந்தது பச்சை வாடாத ஒரு ஓலைத் துண்டு. இரண்டாக மடித்து, குறுக்கே பின்னிய ஓலை. சிலுவை.

கூட்டத்தில் இரண்டு பேர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அது ஒன்று இருந்தது. ஆறு நாளைக்கு முன்னால், குருத்தோலை ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் மந்திரித்துக் கொடுத்தது. பேய் பிசாசு அண்டாது, இடி விழாது என்று வாசல்நிலையில் செருகி வைக்கிற ஓலை.

ஸ்தனிஸ்லாஸின் கையைப் பிடித்திருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். மாது ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கெடுக்க வருகிறவன் குழாயை மண்ணால் அடைப்பான், கந்தலால் அடைப்பான். சிலுவையை உள்ளே வைத்தா அடைப்பான்?

"அது எங்க வூட்டு லுங்கி," என்றாள் புஷ்பமேரி.

யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளே முன்னால் வந்தாள்.

"நான்தான் வெச்சேன். மொத சீலு போனப்பவே ஊர்ல இவர சிரிச்சாங்க. கோலார்ல இருந்து வந்த மொகரையப் பாருன்னாங்க. எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோன்னு எனக்கு ஆறல." குரல் எங்கேயோ போய்விட்டது. எல்லாரும் கிட்டே வந்து கேட்க வேண்டியிருந்தது. "இந்தக் கொழாயக் காட்டி இவருதான் ஒரு நா சொன்னாரு, 'இதோ பாரு புஸ்பம், இது வழியாத்தான் இஞ்சின் மூச்சு வுடுது, இதுதான் அதுக்கு உசுரு'ன்னாரு. பேரு எதுவும் சொல்லல. உசுரு இருக்கிற எடத்துலயே மந்திரிச்ச ஓலைய வெச்சிட்டா எதுவும் அண்டாதுன்னு, பூச முடிஞ்ச கையோட வந்து வெச்சேன். வுழுந்துரக் கூடாதுன்னு மெழுகு வேற ஊத்தினேன்."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். அந்தக் கையால்தான் காலையிலிருந்து மண்ணை அள்ளி வீசிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா!" என்றார் ஸ்தனிஸ்லாஸ். போன உயிர் திரும்பிவிட்டது, கூடவே நாக்கும். "புருசனக் கொளுத்தினது இவ! என்மேல பழியப் போட்டீங்க. இவளப் புடிங்க முதல்ல! ஜீப்புல இவள ஏத்துங்க!"

கூட்டம் முனகியது. வெறுக்க ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் மூன்றாவது ஆள் பக்கம் திரும்ப அந்த ஊருக்கு ஒரு சிரமமும் இல்லை. மாதுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்தனிஸ்லாஸ் இடுப்பிலிருந்த சாவியை அப்படியே பிடுங்கிக்கொண்டு போய்க் கொட்டகைப் பூட்டைத் திறந்தான்.

பிரதர் அல்போன்ஸ் வெளியே வந்தார். கத்தியதெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டிருக்கிறது, மிச்சத்தைப் பூட்டைத் திறந்துகொண்டே மாது சொல்லிவிட்டான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நேராக ஸ்தனிஸ்லாஸ் எதிரே போய் நின்றார்.

"அவ மேல ஒருத்தன் கை வெக்கக் கூடாது. அந்த ஓலைய ஞாயித்துக்கெழம அவ கையில குடுத்தது நான். எதுவும் அண்டாது, தைரியமா கொண்டு போன்னு சொன்னதும் நான். அவள ஏத்தறதுன்னா என்னயும் சேத்து ஏத்துங்க." பிறகு அவர் குரல் இறங்கியது. "ரெண்டு சீலும் சரியாத்தான் போட்டிருக்கான் அவன். நான்தான் வேல தெரியாத பயன்னேன். ஊரே கேட்டுச்சு. அத இப்ப எங்க போயி அழிக்கறது?"

குப்புராஜ் பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய பென்சிலும் அதற்கு உதவாது.

அந்த நேரம் பார்த்துப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஜீப் வந்து நின்றது. டிரைவரையும் ஒரு ஏட்டையும் தவிர வேறு யாரும் இல்லை. ஏட்டு தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டே இறங்கினார்.

"இன்ஸ்பெக்டருக்கு மொரப்பூர்ல வேல. என்னயப் போகச் சொல்லிட்டாரு. எங்கய்யா உங்க பிரதரு? அப்புறம், அந்த மெக்கானிக்குக்குப் பதினோரு மணிக்கு நெனவு வந்துருச்சு. டாக்டரு பொழச்சுக்குவான்னுட்டாரு."

புஷ்பமேரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னா சொன்னான்? வாக்குமூலம் குடுத்தானா?" என்று ஸ்தனிஸ்லாஸ் பாய்ந்தார்.

"எங்க குடுத்தான்? யாரு அடிச்சான்னு நானும் பத்து தடவ கேட்டுட்டேன். காதுலயே வாங்கல. கண்ணத் தொறந்ததுலருந்து அவன் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறான். 'பிரதர்ல என்னா இருந்துச்சு, பிரதர்ல என்னா இருந்துச்சு'ன்னு. பிரதர்கிட்ட என்னா இருந்துச்சுன்னு கேக்கறானா, இல்ல காய்ச்சல்ல பெனாத்தறானா, ஒரு எழவும் வெளங்கல எனக்கு."

ஒருவரும் சிரிக்கவில்லை. மாதுவின் நாக்கு நுனியில் ஒரு வார்த்தை வந்து நின்றது. அதை அவன் விழுங்கிவிட்டான்.

புஷ்பமேரி எழுந்தாள். மாதுவின் எதிரே வந்து கையை நீட்டினாள்.

"குடுங்க. அவரு கேட்டதுக்கு நான் போயி பதில் சொல்லிக்கறேன்."

மாது குப்புராஜைப் பார்த்தான். அவர் தலையசைத்தார். ஆயில் சொட்டுகிற துணியையும் அதன்மேல் இருந்த ஓலைச் சிலுவையையும் அவள் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கூட்டம் வழி விட்டது. அவள் யாரையும் பார்க்காமல் போய் ஜீப்பில், பிரதர் அல்போன்ஸை உட்கார வைப்பதாக இருந்த பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"புஸ்பம்," என்றார் பிரதர் அல்போன்ஸ். கிட்டே போகப் பயந்து நின்ற இடத்திலிருந்தே சொன்னார். "அவன் போட்ட சீலு ரெண்டும் சரிதான்னு நான் சொன்னதாச் சொல்லு."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த கம்பியைப் பார்த்துக்கொண்டே சீட்டில் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்களே வந்து சொல்லுங்க. எடம் இருக்குது."

பிரதர் கரி படிந்த அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். ஏட்டுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"என்னாய்யா இது? இப்ப இவர நான் அரெஸ்ட் பண்றேனா, இல்லியா?"

மாது ஜீப்பின் பின்பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினான்.

"உள்ள ரெண்டு பேரு, ரெண்டும் ஆசுபத்திரி ஸ்டாப்பிங். போலாம் ரைட்!"